கலம் செப்பனிடலும் காற்றுக்குக் காத்தலும்: பழந்தமிழ்ப் பாட்டில் கடற்பயண ஆயத்தம்

ஆய்வுச் சுருக்கம்

பழந்தமிழர் கடலோட்டத்தைப் பேசும் ஆய்வுகள் பெரும்பாலும் துறைமுகம், வணிகப் பண்டம், அரசர் வெற்றி ஆகிய மூன்றை மையமிட்டு அமைகின்றன. பாய்க்கலம் கரையை விட்டு நீங்குமுன் செய்ய வேண்டிய பணிகள் குறைந்த அளவிலேயே கவனம் பெற்றுள்ளன. கலத்தைச் செப்பனிடல், காற்றுக்காலம் அறிதல், பாரமும் துறையும் கணித்தல், நீரும் உணவும் சேமித்தல், ஆள் திரட்டல் என அப்பணிகளை ஐந்தாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் சங்கப் பாடல்களும் மணிமேகலையும் தரும் சான்றுகளை இக்கட்டுரை விளக்குகிறது. தகடூரோடு தொடர்புடைய பதிற்றுப்பத்துப் பாடல் ஒன்று இவ்விளக்கத்தின் தொடக்கப் புள்ளியாகிறது.

திறவுச் சொற்கள்: தகடூர், பதிற்றுப்பத்து, பாய்க்கலம், பருவக்காற்று, நீகான், கலப்பற்று, கடற்கரை வழக்கு

1. முன்னுரை

இன்றைய தருமபுரியே சங்ககாலத் தகடூர். கடற்கரை இல்லாத இப்பகுதியைச் சார்ந்த பாடல்களில் கடலோட்டச் செய்தி கிடைக்கும் என எவரும் எளிதில் எதிர்பாரார். ஆயினும் அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் கரும்பை இந்நிலத்திற்குக் கொணர்ந்தனர் என்று ஔவையார் பாடுகிறார் (புறம். 99). அக்கரும்பு விண்ணுலகத்திலிருந்து வந்தது எனப் பழைய உரை கொள்ளும். பிற்கால ஆய்வாளர் சிலர் அதனைக் கடல் கடந்து வந்த பயிராகக் கொள்வர். கரும்பு முதன்முதலில் பயிராக்கப்பட்ட இடம் நியூகினித் தீவு என்பது தாவரவியலார் கருத்தாதலின், அப்பயிர் தன் நெடும்பயணத்தின் ஏதேனும் ஒரு கட்டத்தில் கலமேறியே வந்திருத்தல் வேண்டும். அதனைக் கொணர்ந்தோர் அதியர்தாமா என்பதை அப்பாடல் ஒன்றைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. எனினும் உள்நாட்டுக் குடியொன்று தன் குலப்பெருமையைத் தொலைவிலிருந்து வந்த ஒரு பயிரோடு இணைத்துக்கொண்டது என்பது எண்ணத்தக்கது.

கடலோட்டத்தைப் பற்றிய நம் பொதுநினைவை உருவாக்கியவற்றுள் மெய்க்கீர்த்திகள் முதன்மையானவை. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த கடாரப் படையெடுப்பைக் கூறுமிடத்து, அலைகடலில் பல கலங்களைச் செலுத்தினான் என்று சொல்லி, வென்ற ஊர்களின் பட்டியலுக்குச் சென்றுவிடுகிறது. அக்கலங்களைக் கட்டியவர் யார், எத்திங்களில் பாய் விரித்தனர், குடிநீரை எவ்வாறு கொண்டு சென்றனர் என்பனவற்றைச் சொல்வது மெய்க்கீர்த்தியின் நோக்கமன்று. வென்ற இடமே அதற்குப் பொருள். சங்கப் பாடல்களின் நிலை வேறு. அவற்றில் கடற்பயணம் பெரும்பாலும் உவமையாகவோ வருணனையாகவோ வருகிறது. கேட்போர் முன்பே அறிந்த செய்தியே உவமையாக இயலும். ஆதலால் புலவர் போகிற போக்கில் சொல்லும் சிறு குறிப்பும் அக்கால நடைமுறைக்கு நம்பத்தக்க சான்றாகிறது.

2. கலம் செப்பனிடல்

பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து, தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையை அரிசில்கிழார் பாடியது. தகடூரின் வீழ்ச்சியை அப்பத்தின் 78ஆம் பாட்டும் பதிகமும் கூறுகின்றன. அதே பத்தின் 76ஆம் பாட்டில், போரில் புண்பட்ட யானைகளை ஆற்றித் தேற்றும் சேரனுக்கு ஓர் உவமை வருகிறது. பெருங்கடலைக் கடந்து மீண்ட மரக்கலத்தை மறுபடி வலிமையுறச் செய்யும் பண்ட வணிகர் அவனுக்கு உவமையாகின்றனர்.

இவ்வுவமையில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது, காலம். யானைக்குப் போர் முடிந்தபின் மருத்துவம். கலத்துக்குப் பயணம் முடிந்தபின் செப்பம். அடுத்த பயணத்தின் ஆயத்தம் முந்தைய பயணத்தின் முடிவிலேயே தொடங்குகிறது. இரண்டாவது, பொறுப்பு. புலவர் இப்பணியைத் தச்சர்மேல் ஏற்றவில்லை, வணிகர்மேல் ஏற்றுகிறார். உளி பிடித்த கை தச்சனுடையதாயினும், கலத்தின் நலத்துக்குப் பொறுப்பேற்றவன் பண்டத்துக்கு உரியவனே என்பது இதனால் பெறப்படும். மூன்றாவது, கலத்தைப் பற்றிய பார்வை. ‘மரம்’ என்னும் சொல்லே இங்குக் கலத்தைக் குறிக்கிறது. அது யானையைப் போலப் புண்படும். உரிய காலத்தில் கவனித்தால் தேறும்.

மரக்கலம் கடலில் புண்படுவது உவமைக்காகச் சொன்ன செய்தி அன்று. மரத்தைத் துளைக்கும் கடற்புழுக்கள் நீருக்குள் மூழ்கிய பலகைகளை அரிக்கின்றன. அலையின் ஓயாத அசைவால் இணைப்புகள் தளர்கின்றன, கயிறு இற்றுப்போகிறது, பாய் வெயிலில் நைந்துபோகிறது. எனவே கலத்தைக் கரையேற்றி, அடிப்பகுதியைச் சுரண்டி, பழுதான பலகையை மாற்றி, இடைவெளிகளில் நார் திணித்து அடைப்பது இன்றியமையாதது. இவ்வடைப்பு வேலை கடற்கரை வழக்கில் ‘கலப்பற்று’ எனப்படும். செங்கடற்கரையில் உள்ள பெரெனிகே அகழாய்வில், கட்டடங்களில் மறுபடி பயன்படுத்தப்பட்ட தேக்கு மரத்துண்டுகளும் இந்திய நெசவுமுறையில் அமைந்த பருத்திப் பாய்த்துணிகளும் கிடைத்துள்ளன. கலத்தின் உறுப்புகள் தேய்ந்து மாற்றப்பட்டன என்பதற்கும், மாற்றப்பட்ட பொருள் வீணாக்கப்படவில்லை என்பதற்கும் இவை சான்றாகக் கொள்ளத்தக்கன.

வணிகர் பொறுப்பு என்பதில் முதலீடும் அடங்கும். வியன்னாவில் பாதுகாக்கப்படும், கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பாப்பிரசு ஆவணம் முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தத்தைப் பற்றியது. அதன் பின்பக்கம் எர்மபொல்லோன் என்னும் கலத்தில் வந்த சரக்குகளின் மதிப்பைக் கணக்கிடுகிறது. கடன் பத்திரமும் கலப்பற்றும் ஒரே பயணத்தின் ஆயத்தங்களே. பழுதான கலத்தைக் கடலில் விடுவோன் தன் பொருளோடு பிறர் பொருளையும் இழப்பான். அரிசில்கிழார் வணிகரைக் குறிப்பிட்டதன் பொருத்தம் இவ்வாவணத்தோடு வைத்துப் பார்க்கும்போது மேலும் விளங்கும்.

3. காற்றுக்காலம் அறிதல்

கரிகாலனின் முன்னோருள் ஒருவன் காற்றின் தொழிலை ஆண்டு பெருங்கடலில் நாவாய் ஓட்டினான் என்கிறார் வெண்ணிக்குயத்தியார் (புறம். 66). காற்றின்றி நாவாய் நின்றபோது காற்றுத் தெய்வத்தை அழைத்து அவன் ஏவல் கொண்டான் எனப் பழைய உரை விளக்கும். இக்கால எழுத்துகள் சில இதனைப் பருவக்காற்றைக் கண்டுபிடித்ததற்கான சான்றாகக் கொண்டு பெருமிதப்படுகின்றன. இருவகை விளக்கமும் ஆளுதல் என்னும் சொல்லை அதிகாரமாகவே கொள்கின்றன. கடலோடியின் நடைமுறையில் காற்றை ஆளுதலாவது, எக்காற்று எத்திங்களில் எத்திசையிலிருந்து வீசும் என அறிந்து, அதுவரை காத்திருந்து, அது வந்ததும் புறப்படுதலாகும்.

கோடையில் ஆசிய நிலப்பரப்பு கடலினும் மிகுதியாகச் சூடேறுவதால் கடற்காற்று நிலத்தை நோக்கி ஈர்க்கப்பட்டுத் தென்மேற்குப் பருவக்காற்றாகிறது. குளிர்காலத்தில் நிலம் விரைந்து குளிர்வதால் காற்று எதிர்த்திசையில் திரும்பி வடகிழக்குப் பருவக்காற்றாகிறது. இந்தியப் பெருங்கடலின் வடபகுதியில் பாய்க்கலத்தின் போக்குவரவு முழுவதும் இம்மாற்றத்தைச் சார்ந்தது. எகிப்திலிருந்து புறப்படுவோர் கோடையின் நடுவில் கிளம்பி, செங்கடல் வாயிலை அடுத்த ஓகெலிசிலிருந்து 40 நாளில் முசிறியை அடைவர் என்றும், டிசம்பர் திங்களை ஒட்டி இந்தியாவிலிருந்து திரும்புவர் என்றும் பிளினி எழுதினார். 40 நாள் பயணத்துக்காக ஓராண்டின் பெரும்பகுதியைத் திட்டமிட வேண்டியிருந்தது என்பதே இதன் பொருள்.

தமிழ் மரபு நான்கு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் இட்டுள்ளது. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். அகத்திணைப் பாடல்களில் இவை பிரிவுத் துயரோடும் பருவ வரவோடும் இணைந்து வருவதால், இவற்றை உணர்வின் குறியீடுகளாக மட்டும் படிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையோ, தொண்டியோர் கலங்களில் அனுப்பிய அகிலும் துகிலும் பிறவும் கொண்டலோடு கூடல் நகர் புகுந்தன என்கிறது. கீழ்க்கடலைக் கடந்து வரும் கலம் கிழக்குக் காற்றால்தான் தமிழகக் கரையை எளிதில் அடைய முடியும். காப்பியப் புலவர் சொன்ன காற்று, கடலோடி சொல்லக்கூடிய காற்றோடு பொருந்துகிறது.

காற்றைத் தவறவிடுவதன் விளைவை மணிமேகலையின் ஆபுத்திரன் கதை காட்டும். சாவகம் நோக்கிச் சென்ற கலம் காற்றால் தடைப்பட்டு மணிபல்லவத்தில் ஒரு நாள் தங்குகிறது. ஆபுத்திரன் கரையில் இறங்குகிறான். அவன் ஏறிவிட்டான் எனக் கருதி, காற்று வாய்த்ததும் இரவிலேயே வங்கம் போய்விடுகிறது. இதனை ஊழின் செயலாகக் காப்பியம் காட்டினும், அச்செயல் நிகழ்வதற்கான சூழல் நடைமுறை சார்ந்தது. வாய்த்த காற்றை இழக்க விரும்பாத மாலுமிகளின் விரைவும், ஏறியோரை எண்ணிப் பாராத குறையும் ஒன்றுசேர்ந்து ஒருவனை ஆளில்லாத் தீவில் விட்டுவிடுகின்றன.

இக்கணக்கு இன்றும் மாறவில்லை. அசந்தா ஓவியத்தில் கண்ட கலத்தை முன்மாதிரியாகக் கொண்டு, பலகைகளைத் தென்னைநார்க் கயிற்றால் தைத்து அமைக்கப்பட்ட இந்தியக் கடற்படையின் கௌண்டின்யா, 2025 டிசம்பர் 29 அன்று போர்பந்தரிலிருந்து மசுக்கட்டு நோக்கிப் பாய் விரித்தது. 2026 ஜனவரி நடுவில் சென்றடைந்தது. மேற்கு நோக்கிய பயணத்துக்கு வடகிழக்குக் காற்றின் காலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. பிளினி கூறிய திரும்புகாலமும் இதுவே.

4. பாரமும் துறையும்

சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறம். 30ஆம் பாட்டில், பெருங்கலங்கள் கூம்பையும் மேற்பாயையும் களையாமலும் மேலேற்றிய பாரத்தை இறக்காமலும் புகார்த் துறைக்குள் புகுகின்றன. இது துறையின் ஆழத்தைப் புகழ்வதற்காகச் சொன்னது. ஆனால் இப்புகழ்ச்சியே பொதுவழக்கம் எது என்பதையும் தெரிவித்துவிடுகிறது. பிற துறைகளில் ஆற்றுமுகத்தின் மணல்திட்டைக் கடக்குமுன் பாயைச் சுருக்கி, பாரத்தின் ஒரு பகுதியைச் சிறு தோணிகளுக்கு மாற்றிக் கலத்தை இலேசாக்க வேண்டியிருந்தது. அவ்வழக்கம் இல்லையெனில் இப்புகழ்ச்சிக்குப் பொருளில்லை.

பாரம் ஏற்றுதல் என்பது எண்ணிக்கைக் கணக்கு மட்டும் அன்று. கனமானவை அடியிலும் இலேசானவை மேலும் அமைய வேண்டும். மேல்பாரம் மிகுந்தால் கலம் கவிழும். பாரம் மிகக் குறைந்தாலும் பாயின் விசையைத் தாங்கி நிமிர்ந்து நிற்காது. சேருமிடத்துத் துறையின் ஆழத்தைப் புறப்படும் துறையிலேயே அறிந்திருந்தால்தான் எவ்வளவு ஏற்றலாம் என்பதை முடிவு செய்ய இயலும்.

அப்பாடலின் தொடக்கம் இங்குக் கருதத்தக்கது. ஞாயிற்றின் செலவையும் அதன் மண்டிலத்தையும் காற்று இயங்கும் திசையையும் வானின் இயல்பையும் நேரில் சென்று அளந்தவர்போல உரைக்கவல்லார் உளர் என்கிறார் புலவர். அத்தகையோராலும் அளந்தறிய இயலாத அடக்கமுடையவன் நலங்கிள்ளி என்பது அவர் கருத்து. வானையும் காற்றையும் கணிப்போரும், பாரம் குறையாது துறை புகும் கலமும் ஒரே பாட்டில் இடம்பெறுகின்றனர். இவ்விரண்டையும் புலவர் வெளிப்படையாக இணைக்கவில்லை. எனினும் அக்கணிப்பறிவும் கடலோட்டமும் ஒரே ஊரின் காட்சிகளாக அவர் முன் இருந்தன என்று கொள்வதில் தவறில்லை.

துறையை அறிதலின் மற்றொரு கூறு இரவில் கரையை இனங்காணல். இரவும் பகலும் ஓயாது காற்று அசைக்கச் செல்லும் வங்கத்தை, மாடத்தில் எரியும் ஒளியைக் குறியாகக் கொண்டு நீகான் செலுத்துவதை மதுரை மருதனிளநாகனார் பாடுகிறார் (அகம். 255). கரையில் விளக்கேற்றிக் காத்திருப்போரும் அப்பயணத்தில் பங்கு கொண்டோரே.

5. நீரும் உணவும்

மேலே காட்டிய பாடல்களில் குடிநீரைப் பற்றியோ உணவைப் பற்றியோ குறிப்பில்லை. காற்று, பாய், கூம்பு, பண்டம் ஆகியன கரையில் நிற்போர் கண்ணுக்குத் தெரிவன. கலத்தின் அடியில் வைத்த நீர்ச்சால் தெரிவதில்லை. பாடியோர் பெரும்பாலும் கரையிலிருந்து கலத்தைக் கண்டவர்கள் என்பதற்கு இம்மௌனம் குறிப்பாகலாம்.

நீரின் தேவையைக் கணக்கிட்டுப் பார்த்தல் பயனுடையது. குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் எனக் கொண்டால், 20 பேர் 40 நாள் செல்ல 3,200 லிட்டர் வேண்டும். அதன் எடை மூன்று டன்னுக்கு மேல். காற்றுத் தடைப்பட்டு நாள் கூடுமாயின் இதுவும் போதாது. இவ்வளவு நீரும் வணிகப் பண்டத்துக்குரிய இடத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே நீர் எவ்வளவு என்பது இலாபம் எவ்வளவு என்பதோடு நேர்மாறாகப் பிணைந்தது. கரும்புக் கரணைகளை உயிரோடு கொண்டு செல்வோர்க்கு அவற்றை ஈரம் காயாமல் காக்கும் பொறுப்பும் கூடியிருக்கும்.

பாடல்கள் விட்ட இடத்தை ஒரு பானையோடு ஓரளவு நிரப்புகிறது. எகிப்தின் செங்கடற்கரைக் குசேர் அல்-காதிமில் கிடைத்த சேமிப்புக் கலத்தின் ஓடொன்றில் ‘பானை ஒறி’ எனத் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அதனைப் படித்து விளக்கிய ஐராவதம் மகாதேவன், கயிற்று உறியில் வைக்கும் பானை எனப் பொருள் கொண்டார், காலத்தைக் கி.மு. முதல் நூற்றாண்டு எனக் கணித்தார். வீட்டு அடுக்களையில் எலிக்கும் எறும்புக்கும் எட்டாமல் காக்கும் உறி, அசையும் கலத்தில் பானை உருளாமல் காக்கவும் உதவியிருக்கக்கூடும். இது ஊகமே. ஆயினும் அடுக்களைச் சொல் ஒன்று கடல் கடந்த துறையில் எழுதப்பட்டுக் கிடப்பது, பயண ஆயத்தத்தில் இல்லத்துப் பொருள்களுக்கும் இடமிருந்ததைக் காட்டுகிறது.

6. ஆளும் பயிற்சியும்

கடற்பயணம் மகளிரோடு கூடி நிகழாது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் கூறும் மரபு. இது அகப்பாட்டின் தலைவன் பிரிவுக்குரிய இலக்கிய விதி. கலத்தைச் செலுத்தும் தகுதி யாருக்கு உண்டு என்பதைப் பற்றிய விதியாக இதனை விரித்துக்கொள்ளல் பொருந்தாது. புதுச்சேரியைச் சார்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா, லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவோடு இணைந்து, இந்தியக் கடற்படையின் தாரிணி என்னும் பாய்க்கலத்தில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று மீண்டார். ஏறத்தாழ எட்டுத் திங்கள் நீண்ட அப்பயணத்துக்கு முன் ஏறக்குறைய மூன்றாண்டுப் பயிற்சி நிகழ்ந்தது. தென்முனைக் கடல்களைத் தென்கோளத்தின் கோடையில் கடக்கும் வகையில் புறப்பாட்டுத் திங்கள் அமைந்தது. தாரிணியில் ஏறியோர் இருவரே. எனவே மாலுமி, தச்சர், பாய் தைப்பவர், மருத்துவர், சமையலர் ஆகிய அனைவருக்கும் உரிய தொழிலை இருவரே கற்றிருக்க வேண்டியிருந்தது.

மரபுவழி அறிவு பெருங்கடலைக் கடந்ததற்கு நெருங்கிய காலத்துச் சான்று வல்வெட்டித்துறையில் உள்ளது. 1930இல் அங்குக் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் இருபாய்மரக் கலத்தை அமெரிக்கக் கடலோடி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கித் தம் மனைவியின் பெயரிட்டார். வல்வெட்டித்துறை மாலுமிகள் ஐவர் உடன்செல்ல, அக்கலம் சூயசுக் கால்வாய், மத்தியதரைக்கடல் வழியே அட்லாண்டிக்கைக் கடந்து 1938 ஆகத்தில் மாசசூசெட்சு மாநிலத்தின் குளோசெசுட்டர் துறையை அடைந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 89 அடி. உள்ளூர்த் தச்சர் கையால் உருவான கலமும் உள்ளூரில் தொழில் கற்ற மாலுமியரும் தமக்குப் பழக்கமில்லாத பெருங்கடலைத் தாங்கினர். அவர்களுடைய ஆயத்தம், புறப்படுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே அத்துறையின் பட்டறைகளிலும் வங்கக்கடல் ஓட்டத்திலும் நிகழ்ந்து முடிந்திருந்தது.

7. சொல்லும் கள ஆய்வும்

மேற்கண்ட விளக்கங்கள் அனைத்தும் கலைச்சொற்களைச் சார்ந்துள்ளன. பாயைக் குறிக்கும் ‘இதை’, பாய்மரத்தைக் குறிக்கும் ‘கூம்பு’, கலம் செலுத்துவோனைக் குறிக்கும் ‘நீகான்’ ஆகியவை இன்று உரைகளின் துணையின்றி விளங்கா. அவற்றுக்கு ஈடான வழக்குச் சொற்கள் கடற்கரையில் வாழ்ந்துவந்தன. அடிமரமாகிய ‘ஏரா’, முன்பகுதியாகிய ‘அணியம்’, பாய் கட்டும் குறுக்குக் கழியாகிய ‘பருமல்’, தென்காற்றாகிய ‘சோழகம்’, மேல்காற்றாகிய ‘கச்சான்’, கலத் தலைவனாகிய ‘தண்டையல்’ ஆகியன அவற்றுட் சில. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலக வெளியீடாக 1950இல் அச்சேறிய கப்பல் சாத்திரம், கலம் கட்டுவதற்குரிய மரத் தேர்வு, அளவு, நாட்பலன் முதலியவற்றைத் தொகுத்துரைக்கிறது. சோதிட நூல் எனக் கருதி அதனை ஒதுக்காமல், அதன் தொழிற்சொற்களைக் கடற்கரை வழக்கோடு ஒப்பிட்டு ஆராய்தல் வேண்டும்.

இதற்குரிய காலம் குறுகி வருகிறது. தூத்துக்குடித் தோணிகள் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதி வரை பாயை நம்பிக் கொழும்புக்குச் சென்றுவந்தன; பின்னர் அவற்றில் இயந்திரம் பொருத்தப்பட்டது. மீன்பிடிப்பில் கண்ணாடியிழைப் படகு பரவியபின் மரத்தச்சும் கலப்பற்றும் அருகின. காற்றைப் பார்த்து நாள் குறித்தவர்கள் இன்று முதியோர். அவர்கள் நாவிலுள்ள சொற்கள் தொகுக்கப்படாமல் மறையுமாயின், அரிசில்கிழார் கூறிய செப்பனிடும் பணியில் எந்தெந்தச் செயல்கள் அடங்கும் என்பதைச் சொல்ல நம்மிடம் உரைகாரரின் ஒரு சொல் மட்டுமே எஞ்சும்.

8. முடிவுரை

இவ்விளக்கத்தால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

கடற்பயண ஆயத்தத்தின் ஐந்து கூறுகளுள் கலச்செப்பம், காற்று, துறை ஆகிய மூன்றுக்கும் சங்கப் பாடல்கள் தெளிவான சான்று தருகின்றன. பாரத்தைப் பற்றிய சான்று எதிர்மறையாகப் பெறப்படுகிறது. ஏறியோரை எண்ணிப் பார்க்காமையின் விளைவை மணிமேகலை காட்டுகிறது. நீருக்கும் உணவுக்கும் எழுத்துப்பொறித்த பானையோடு போன்ற தொல்லியல் சான்றையும் நடைமுறைக் கணக்கையும் நாட வேண்டியுள்ளது.

காற்றை ஆளுதல் என்பதைக் கட்டளையாகக் கொள்வதினும், காலமறிந்து காத்திருத்தலாகக் கொள்வதே கடலோட்ட நடைமுறைக்கும் பிற பாடற்சான்றுகளுக்கும் ஒத்தது. வெற்றிப் பெருமிதத்தின் அடியில் மறைந்த தச்சர், கயிறு திரிப்போர், விளக்கேற்றுவோர், முதலிட்ட வணிகர் ஆகியோரை இவ்வாசிப்பு வெளிக்கொணர்கிறது.

தகடூரை வென்றவனைப் பாடிய புலவர், கடலிலிருந்து வெகுதொலைவில் நிகழ்ந்த போரின் புண்ணை விளக்கக் கப்பற்பட்டறையை நாடினார். அவ்வுவமை உள்நாட்டு அவையிலும் விளங்கியது என்றால், கலத்தைச் செப்பனிடும் அறிவு கடற்கரையோடு நின்றுவிடவில்லை என்பது தெளிவு. ஆகவே இத்துறை ஆய்வு நெய்தல் நிலத்தாருக்கு மட்டும் உரியதன்று. உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகளும் கடற்கரைச் சொற்றொகுப்பைத் தம் பணியாக ஏற்றல் வேண்டும்.